மன்னார்குடி: 2 குரூப் எஸ்பிரெஸோ மெஷினில் பிரஷர் சுவிட்ச் மாற்றணுமா?

கடைத்தெரு காபி (மன்னார்குடி):

வணக்கம். கடைத்தெருவில் சின்ன கஃபே வச்சிருக்கேன். மெஷின் இத்தாலி, பழசு வாங்கினது, 2 குரூப் (ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல காபி இறக்கலாம்). ஹீட்டர் 4500 வாட்னு தகட்டுல இருக்கு. சிங்கிள் பேஸ்லதான் ஓடுது. காலையில ஒரு தொந்தரவும் இல்ல. சாயங்காலம் கூட்டம் வந்தா பாய்லர் கேஜ் 1.1 பார்ல இருந்து 0.6-க்கு இறங்கிடுது, திரும்ப ஏறவே மாட்டேங்குது. நம்ம ஊர்ல காபின்னா பாதிக்கு மேல பால்தானே, ஸ்டீம் இல்லாம கடை நடக்காது.

மூடியைக் கழட்டிப் பார்த்தேன். பாய்லர் பிரஷருக்குத் தக்கபடி ஹீட்டரைப் போட்டு நிறுத்தற பிரஷர் சுவிட்ச்ல ஒரு டெர்மினல் பழுப்பேறி இருக்கு, அதுல வர்ற ஒயரோட தோல் விறைச்சுப் போச்சு. சர்வீஸ் ஆள் போன்லயே "சுவிட்ச் காலி, வந்து மாத்தறோம்"ங்கறார். அவர் வந்து போற செலவு சுவிட்ச் விலையைத் தாண்டுது. ஆன்லைன்ல பாதி விலைக்கு ஒண்ணு இருக்கு, 16 ஆம்பியர், ஒரே ஒரு ஜோடி டெர்மினல். வாங்கிப் போட்டுடலாமா?

தஞ்சை ரோஸ்ட்:

உங்க பக்கம் சாயங்காலம் லோ வோல்டேஜ் இருக்குமே. வோல்டேஜ் குறைஞ்சா கரன்ட் கூடும், அதான் சுவிட்ச் கருகுது. முதல்ல ஸ்டெபிலைசர் போடுங்க.

குடந்தை பாய்லர்காரர்:

தம்பி, அந்த 16 ஆம்பியரை வாங்காதீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 4500 வாட்டை 230-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 19.6 ஆம்பியர். அவ்வளவையும் ஒரே ஜோடி வழியா விட்டா சீக்கிரமே கருகும். உங்க பழைய சுவிட்ச்ல ஆறு டெர்மினல் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது மூணு போல், அதாவது ஒண்ணுக்குள்ள மூணு தனி சுவிட்ச் மாதிரி. ஹீட்டர்ல மூணு காயில், காயிலுக்கு 1500 வாட், ஒவ்வொண்ணுக்கும் தனி போல். போலுக்கு ஆறரை ஆம்பியர்தான் ஓடும்.

தஞ்சை ரோஸ்ட் சொன்னது மோட்டாருக்குப் பொருந்தும், ஹீட்டருக்கு இல்ல. ஹீட்டர்ல வோல்டேஜ் இறங்கினா கரன்டும் சேர்ந்து இறங்கும். கருகறதுக்குக் காரணம் லூஸ் லக் (ஒயர் நுனியில மாட்டற உலோக முனை), இல்ல தேஞ்ச கான்டாக்ட். ஆனா லோ வோல்டேஜை அவர் ஞாபகப்படுத்தினது நல்லதுதான். சூடு வோல்டேஜோட வர்க்கத்துக்குத் தக்கபடி குறையும். 190 வோல்ட்ல உங்க 4500 வாட் ஹீட்டர் மூவாயிரத்துச் சொச்சம்தான் தரும். மேட்டூர் தண்ணி கடைமடைக்கு வந்து சேர்ற வரைக்கும் ஊர்ல எல்லார் போர் மோட்டாரும் ஓடும். ட்ரான்ஸ்பார்மர்ல இருந்து பார்த்தா உங்க கடையும் கடைமடையா இருந்தா, புது சுவிட்ச் போட்டாலும் சாயங்காலம் கேஜ் இறங்கத்தான் செய்யும். சுவிட்ச் விக்கறவன் இதைச் சொல்ல மாட்டான்.

அதனால ரெண்டையும் பாருங்க. சாயங்காலக் கூட்டத்துல, ஹீட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மெஷின் செருகியிருக்கற பாயின்ட்ல எவ்வளவு வோல்ட் நிக்குதுன்னு எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்க. சும்மா இருக்கும்போது அளந்து பிரயோஜனம் இல்ல.

அப்புறம் மறுநாள் மெஷின் முழுசா ஆறின பிறகு, எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் உருவிட்டு, சுவிட்ச்ல ஒவ்வொரு போலுக்கும் மீட்டர் வைங்க. பிரஷர் இல்லாதப்போ மூணுமே மூடியிருக்கணும், பூஜ்யம் காட்டணும். ஒயரைக் கழட்டாம வச்சா ஏமாந்துடுவீங்க. போன போல்லயும் மத்த ரெண்டு காயில் வழியா சுத்தி வந்து அம்பது ஓம் மாதிரி ஏதோ காட்டும், சில மீட்டர் 'பீப்' கூட அடிக்கும். போலுக்கு ஒரு ஒயரையாவது கழட்டிட்டுத்தான் வைக்கணும். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

நாகை ஃபில்டர்:

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எங்க கடையில கேஜ் 1 பார் காட்டும், ஸ்டீம் மட்டும் வராது. நாங்களும் பிரஷர் சுவிட்ச்னுதான் நெனச்சோம். பார்த்தா வேக்கம் வால்வு மூடினபடியே பிடிச்சிருந்தது. காலையில சூடேறும்போது உள்ள இருக்கற காத்து வெளிய போகாம அமுங்கி, அந்தப் பிரஷர்லயே சுவிட்ச் ஹீட்டரை நிறுத்திடுது. ஸ்டீம் டேப்பைத் திறந்து வச்சு சூடு பண்ணினா சரியா வந்தது. உங்களுக்கும் அப்படியான்னு பாருங்க.

குடந்தை பாய்லர்காரர்:

அம்மா சொல்றது ரொம்ப சரி, ஆனா அந்தக் கோளாறு காலையில மெஷின் போடும்போது தெரியும். தம்பிக்குக் காலையில நல்லா இருக்கு, சாயங்காலம்தான் படுக்குது. அது வேற கதை.

கடைத்தெரு காபி (மன்னார்குடி):

அளந்தாச்சு அண்ணே. ஆறு டெர்மினல்தான். கூட்ட நேரத்துல ஹீட்டர் ஓடும்போது 205 வோல்ட், காலையில 228. ஒயரைக் கழட்டி மீட்டர் வச்சதுல ரெண்டு போல் பூஜ்யம், பழுப்பேறினது ஓப்பன். ஒண்ணும் காட்டல.

குடந்தை பாய்லர்காரர்:

அப்போ ரெண்டு நோயும் இருக்கு. ஒரு போல் போனதால அதோட காயிலுக்குக் கரன்ட் இல்ல, மூணுல ரெண்டு பங்குதான், அதுல 205 வோல்ட். சாயங்காலம் உங்க பாய்லருக்கு 2400 வாட் கூட இல்ல. அதுல ரெண்டு ஸ்டீம் குழாயையும் திறந்தா எங்க ஏறும்?

சுவிட்ச் மாத்தித்தான் ஆகணும். பழசு மாதிரியே மூணு போல், போலுக்கு 30 ஆம்பியர் எழுதினதா வாங்குங்க. சிராய் கம்பெனியோட பி302-ன்னு கேட்டா பார்ட்ஸ் கடைக்காரங்களுக்குத் தெரியும். அதுல 0.5-ல இருந்து 1.4 பார் வரைக்கும் செட் பண்ற வகை வேணும். மாட்டர் (Mater)-னு இன்னொண்ணு, அதுவும் நல்ல கம்பெனிதான். கீழ இருக்கற மரை பழசோட ஒத்துப்போகுதான்னு அளந்துட்டு ஆர்டர் போடுங்க. பாய்லர்ல இருந்து வர்ற செம்புக் குழாயையும் கழட்டி ஊதிப் பாருங்க. உப்பு அடைச்சிருந்தா புது சுவிட்சுக்கும் பிரஷர் நேரத்துக்குப் போய்ச் சேராது, கேஜ் தாறுமாறா ஆடும். அந்தக் குழாய் சுருளா வளைஞ்சிருந்தா நிமித்திடாதீங்க. அதுல நிக்கற தண்ணிதான் ஸ்டீம் நேரா சுவிட்சுக்குள்ள பிரஷரை வாங்கற டயாபிரத்துல (மெல்லிய சவ்வு) அடிக்காமக் காப்பாத்துது.

பழுப்பேறின ஒயரையும் லக்கையும் வெட்டி எறிஞ்சிடுங்க. சாதா பி.வி.சி. ஒயர் அந்தச் சூட்டுக்குத் தாங்காது, சிலிகான் இல்ல கண்ணாடி நூல் சுத்தின ஒயர் போடுங்க. லக்கை நல்லா கிரிம்ப் பண்ணணும், சும்மா பிளையர்ல நசுக்கினா மறுபடியும் பழுப்பேறும். வாஷர் புதுசா போடுங்க.

மாட்டினதும் திருகை ஒரேயடியா சுத்தாதீங்க. எந்தப் பக்கம் கூடும்னு மேல அம்புக்குறி இருக்கும். கொஞ்சம் திருகி, ஸ்டீமைத் திறந்து விட்டு, எங்க ஹீட்டர் ஏறுது, எங்க நிக்குதுன்னு கேஜ்ல பாருங்க. பால் ஜாஸ்தி போற கடைக்கு 1.2-ல நின்னா போதும். உள்ள சுமார் 123 டிகிரி. கேஜ் 1.5-ஐ நோக்கிப் போனா உடனே எம்.சி.பி.யை இறக்குங்க. சேஃப்டி வால்வு பெரும்பாலும் 1.8 பார்ல திறக்கும், ஆனா அது திறக்குதான்னு சோதிச்சுப் பார்க்கற நாள் அது இல்ல.

தஞ்சை ரோஸ்ட்:

ஹீட்டர் விஷயம் புரிஞ்சது, நன்றி. ஒரு சந்தேகம். ஒரு போல் சுவிட்சோட காண்டாக்டர் (சின்ன கரன்ட்டால பெரிய லோடைப் போட்டு நிறுத்தற சுவிட்ச்) சேர்த்தா என்ன? லோடை காண்டாக்டர் தாங்கும், பிரஷர் சுவிட்ச்ல காண்டாக்டரோட காயில் கரன்ட்தானே ஓடும்?

குடந்தை பாய்லர்காரர்:

நல்ல யோசனை. நானே சில ஹோட்டல்ல போட்டிருக்கேன். 25 ஆம்பியர் காண்டாக்டர் கும்பகோணத்துல எந்த எலக்ட்ரிகல் கடையிலயும் கிடைக்கும், இத்தாலி பார்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஏசி-1 ரேட்டிங் பாருங்க, ஹீட்டருக்கு அதுதான் கணக்கு. ஒண்ணு மட்டும்: பாய்லர் பக்கத்துல, மூடிக்குள்ள திணிக்காதீங்க. ஆவியும் சூடும் காண்டாக்டருக்கு ஆகாது. வெளிய டப்பா வச்சுப் போடணும், அதை எலக்ட்ரீஷியன்தான் செய்யணும். தம்பி கடைக்கு இப்போ அவசரம் இல்ல, மூணு போல் சுவிட்சே போதும்.

கடைத்தெரு காபி (மன்னார்குடி):

ஆர்டர் போட்டாச்சு அண்ணே, மூணு போல்தான். வோல்டேஜுக்கு என்ன பண்றது? ஸ்டெபிலைசரா?

குடந்தை பாய்லர்காரர்:

ஸ்டெபிலைசர் வச்சா அது லைன்ல இருந்து இன்னும் கரன்ட் இழுக்கும், லைன் இன்னும் இறங்கும். முதல்ல மீட்டர் போர்டுல இருந்து மெஷின் வரைக்கும் வர்ற ஒயர் என்ன அளவுன்னு பாருங்க. ஹீட்டர் ஓடும்போது போர்டுலயும் மெஷின்லயும் அளங்க. போர்டுலயே 205 இருந்தா மின்வாரியத்துல மனு கொடுத்து 3 பேஸ் கேளுங்க. அதுல மூணு காயிலும் மூணு பேஸுக்குப் பிரியும். போர்டுல 220-க்கு மேல இருந்து மெஷின்ல மட்டும் 205-னா கடைக்குள்ள ஒயர் மெலிசு, அது உங்க கையிலயே இருக்கு. அளந்த வோல்டேஜை இங்கேயே போடுங்க.