ஒரே வீடு, ஒரே நுளம்பு, ரெண்டு பேருக்கு டெங்கு, ஒருத்தருக்கு மட்டும் எச்டியூ (கிட்ட இருந்து கவனிக்கிற வார்ட்). ஜீன் தான் காரணமா?

வெள்ளவத்தையான்:
எங்கட ஃப்ளாட்ல அக்காக்கும் தம்பிக்கும் ஒரே கிழமைல டெங்கு. அக்கா கஞ்சியும் ஜீவனியும் குடிச்சு எழும்பிட்டா, தம்பிக்கு பிளேட்லெட் இறங்கி நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டி எச்டியூல, மணிக்கொருக்கா யூரின் அளந்தவங்க. ஒரே சாப்பாடு ஒரே நுளம்பு, அப்ப உடம்புவாகு தானே? காசு போனாலும் ஜீன் டெஸ்ட் ஒண்டு செய்வமா எண்டு யோசிக்கிறன்.

லேப்கோட்:
வேணாம் அண்ணா, காச வீணாக்காதீங்க. தம்பிக்கு முதல்லயும் டெங்கு வந்ததா எண்டு பாருங்க. வைரஸ்ல நாலு வகை, ஒண்டு வந்து போனவருக்கு வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடி அத அழிக்காம செல்லுக்குள்ள கூட்டிட்டுப் போகும், அதால தான் ரெண்டாந்தரம் மோசம். 2017ல இலங்கைல 186,000 பேருக்கு மேல பதிவாச்சே, அந்த வருஷம் நாலு வகைல டென்-2 எண்ட வகை தான் கூட. அந்த ஒரு வருஷத்துல நம்மட ஜீனா மாறினது?

கொட்டாஞ்சேனை ராசா:
மாறேல்ல தான், ஆனா 186,000 பேரும் எச்டியூக்கா போனாங்க? 1988ல டென்மார்க்ல தத்துப்பிள்ளைகள வச்சு ஒரு ஸ்டடி வந்தது. பெத்தவங்கள்ல ஒருத்தர் 50க்கு முதல் தொற்றுநோய்ல செத்திருந்தா பிள்ளையும் அப்பிடிச் சாகுற ரிஸ்க் அஞ்சு மடங்குக்கு மேல, வளத்தவங்க அப்பிடிச் செத்தா கூடேல்ல. கொவிட்டுக்கு ரிஸ்க் கூட்டுற, நியண்டர்தால் எண்ட அழிஞ்சு போன மனுச இனத்திட ஜீன் துண்டொண்டு தெற்காசியால பாதிப் பேர்கிட்ட இருக்கு எண்டு 2020ல கண்டுபிடிச்சாங்க. இதெல்லாம் சும்மாவா?

லேப்கோட்:
சும்மா எண்டு ஆர் சொன்னது? கேள்வி டெங்கு. 2011ல வியட்நாம் பிள்ளைகள்ல பாத்து எம்ஐசிபி, பிஎல்சிஇ1 எண்டு ரெண்டு ஜீன் இடம் பிடிச்சாங்க, ரிஸ்க் வித்தியாசம் ஒண்டரை மடங்கு கூட இல்ல. ஆயிரக்கணக்கான ஆக்கள்ல தெரியும், ஒரு தம்பிட ரிப்போர்ட்ல ஒண்டும் சொல்லேலாது.

தெமட்டகொட மாமி:
ஜி6பிடி எண்ட என்சைம் பிறப்புலயே குறைவு எண்டா பிரைமாகுயின் எண்ட மலேரியா மருந்து குடுக்கேக்க ரத்தம் உடையும், அங்க டெஸ்ட் மருந்தயே மாத்தும். டெங்குவுக்கு ஜீன் ரிப்போர்ட்ட வச்சு டொக்டர் என்னத்த மாத்துவார், அதே சேலைன் தான். அந்தக் காசுக்கு நுளம்பு பெருகாம கூரைப் பீலிய க்ளீன் பண்ணுங்க மகன், பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா ஃபைனும் மிச்சம்.

வெள்ளவத்தையான்:
பழைய ஃபைல பாத்தன். 2017ல தம்பிக்கு டெங்கு பொசிட்டிவ்.

கொட்டாஞ்சேனை ராசா:
அக்காக்கு?

வெள்ளவத்தையான்:
அவக்கும் தான், அதே மாசம்.

கொட்டாஞ்சேனை ராசா:
லேப்கோட் தம்பி, இப்ப சொல்லுங்க.

லேப்கோட்:
ரெண்டு பேருக்கும் அப்ப வந்தது ஒரே வகையா எண்டு யாரும் பாக்கேல்லயே. அக்காக்கு இப்ப வந்தது மூண்டாந்தரமாக் கூட இருக்கலாம், மூண்டாந்தரம் வாறதுல கடுமை குறைவு. ஐஜிஜி எண்ட ஆன்டிபாடி டெஸ்ட் மட்டும் பாத்தா அதும் தெரியாது.

கொட்டாஞ்சேனை ராசா:
ஓ, ஜீனத் தவிர எதுவா இருந்தாலும் உங்களுக்கு சரி.