அவசரம்: கேமரா லென்ஸ் பாதியில நிக்குது, உள்ள போக மாட்டேங்குது

செந்தூரான்82 | வெள்ளி, இரவு 9.40
ஆன் பண்ணுனா லென்ஸ் பாதி வரைக்கும் வந்து நிக்குது. கர்ருன்னு ரெண்டு தடவை சத்தம், அப்புறம் திரையில "லென்ஸ் எரர்"னு காட்டி அணைஞ்சிருது. உள்ளயும் போகல. பையனுக்கு மொட்டை போட்ட படம் பூரா அதுக்குள்ளதான் மாட்டியிருக்கு. ஞாயித்துக்கிழமை மச்சினி வளைகாப்பு வேற. யாராவது உடனே சொல்லுங்க.

ஸ்க்ரூடிரைவர் | 9.52
என்ன கம்பெனி, என்ன மாடல்? கீழ விழுந்துச்சா? தண்ணி பட்டுச்சா?

நாலாம்தெரு | 9.58
என்ன செல் போட்டிருக்கீங்க? சார்ஜ் பண்ற தட்டை பேட்டரியா, பென்சில் செல்லா? பாதியில நின்னாலே எனக்கு செல் மேலதான் சந்தேகம்.

பழையரீல் (மூத்த உறுப்பினர்) | 10.05
மேலே தேடுறதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு தம்பி. இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுறது.

மல்லிப்பந்தல் | 10.11
முதல்ல மெமரி கார்டை வெளிய எடுங்க. லென்ஸ் மாட்டுனா படம் எதுக்கு மாட்டப்போகுது? கார்டை கம்ப்யூட்டர்ல போட்டு மொட்டைப் படத்தைக் காப்பி பண்ணிட்டு அப்புறம் பதட்டப்படுங்க.

செந்தூரான்82 | 10.30
அட ஆமா. படமெல்லாம் இருக்கு. நன்றிக்கா.
விழல, தண்ணியும் படல. சில்வர் கலர் கேமரா. நல்லாத்தான் இருந்துச்சு.

ஸ்க்ரூடிரைவர் | 10.33
சில்வர்ங்கிறது மாடல் இல்ல சார். அடியில ஒட்டியிருக்கும் பாருங்க.

செந்தூரான்82 | 10.41
எழுத்து அழிஞ்சு போச்சு. ரெண்டு பென்சில் செல். சார்ஜ் செல்லைப் பையன் பொம்மை கார்ல போட்டுட்டான், அதனால பெட்டிக்கடையில புதுசா வாங்கிப் போட்டேன்.

நாலாம்தெரு | 10.44
நான் சொல்லல? கடையில கிடைக்கிற சாதா செல் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும்தான் ஆகும். லென்ஸ் மோட்டார் கரண்டை இழுத்த உடனே வோல்டேஜ் படுத்துரும். சார்ஜ் செல்லுல எழுதியிருக்கிறது 1.2 வோல்ட்தான், ஆனா பாரம் ஏத்துனாலும் அது தாங்கும். பொம்மை கார்ல இருக்கிறதை எடுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுப் பாருங்க.

கோடம்பாக்கத்தான் | 11.02
தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு இடுக்குல விடுங்க. எங்க வீட்டு ஃபேனுக்கு அப்படித்தான் பண்ணோம்.

பழையரீல் | 11.06
தயவுசெய்து விட்டுடாதீங்க. அது ஃபேன் இல்ல. எண்ணெய் உள்ள இறங்கி ஷட்டர் இதழ்ல ஒட்டிக்கிட்டா கேமராவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.
செல்லுன்னு அடிச்சுப் பேசுறவருக்கும் சேர்த்துச் சொல்றேன். அந்த லென்ஸ் ஒரே குழாய் இல்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு மூணு குழாய். ஒண்ணோட சுவர்ல சாய்வா காடி வெட்டியிருக்கும், அடுத்ததுல இருக்கிற குட்டி முளை அந்தக் காடியில வழுக்கிக்கிட்டே போகும். மோட்டார் சுத்துறதை ஒரு சென்சார் எண்ணிக்கிட்டிருக்கும். சுத்து நின்னு போச்சுன்னா, பல்சக்கரம் உடையறதுக்கு முன்னாடி எரர் போட்டு நிறுத்திடும். காடியில ஒரு மணல் துகள் போதும், வண்டி நின்னுடும். மொட்டை எங்கே போட்டீங்க?

செந்தூரான்82 | 11.15
திருச்செந்தூர்ல.

பழையரீல் | 11.16
கடல்ல குளிச்சீங்களா?

செந்தூரான்82 | 11.20
ஆமா, அப்புறம் நாழிக்கிணத்துலயும். கேமராவை நனைக்கவே இல்ல. துண்டோட சேத்துப் பையில வச்சிருந்தேன். ஏன்?

மல்லிப்பந்தல் | 11.21
🤦‍♀️

பழையரீல் | 11.31
லென்ஸ் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடிங்க. ரப்பர் ஊதல் இருந்தா குழாய் இடுக்குல சுத்திச் சுத்தி ஊதுங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் போகும். கடை பில் மாதிரி மெல்லிய காகிதத்தை இடுக்குல விட்டு வட்டமா ஒரு சுத்து சுத்துங்க. கவிழ்த்தபடியே ஆன் பண்ணுங்க. நாலஞ்சு தடவை செய்யணும். கையால அமுக்கக் கூடாது, முளை காடியை விட்டு எகிறிடும்.

ஸ்க்ரூடிரைவர் | 11.40
டிவிக்கு மாட்டுற ஏவி ஒயரைச் சொருகிட்டு ஆன் பண்ணியும் பாருங்க. சில மாடல்ல திரை அணைஞ்சாலும் மோட்டார் கொஞ்சம் கூடுதலா முயற்சி பண்ணும். எதுவும் ஆகலேன்னா கழட்டிடலாம், நாலே ஸ்க்ரூதான்.

பழையரீல் | 11.44
நாலே ஸ்க்ரூ, உள்ளே பிளாஷுக்குக் கரண்டைச் சேத்து வைக்கிற கெப்பாசிட்டர். 300 வோல்ட் பக்கம் இருக்கும், செல்லைக் கழட்டுனாலும் உடனே இறங்காது. நான் ஒரு தடவை ஷாக் வாங்கியிருக்கேன். புதுசா வர்றவங்களுக்குக் கழட்டச் சொல்லித் தராதீங்க.

தமிழ்மறவன் | சனி, காலை 6.15
இத்தனை பேர் எழுதியும் ஒருவர்கூட 'வில்லை' என்று எழுதவில்லையே. லென்ஸ் லென்ஸ் என்று எத்தனை முறை?

கோடம்பாக்கத்தான் | 7.02
வில்லைன்னா மாத்திரை சார். கேமராவுக்குக் காய்ச்சலா?

பனையோலை | 7.30
நாங்கள் பள்ளிக்கூடத்தில வில்லை எண்டுதான் படிச்சனாங்கள். மாத்திரையை எங்கட பக்கம் குளிசை எண்டு சொல்லுவம், அதால குழப்பமே வராது.

மல்லிப்பந்தல் | 7.48
எங்க பாடப் புத்தகத்துல குவிலென்ஸ், குழிலென்ஸ்னு பாதித் தமிழ் பாதி இங்கிலீஷ். அதுவும் நல்லாத்தானே இருக்கு.

தமிழ்மறவன் | 8.10
பாதி இருந்தால் போதும் என்றுதான் எல்லாம் பாதியில் நிற்கிறது.

நாலாம்தெரு | 8.14
இது நல்லாருக்கு 😀 ஆனா வில்லையோ லென்ஸோ, அதை வெளிய தள்றது செல்லுதான்.

பழையரீல் | 8.20
நீங்க விடவே மாட்டீங்களா?

ஸ்க்ரூடிரைவர் | திங்கள், இரவு 9.10
செந்தூரான் சார், என்ன ஆச்சு?

செந்தூரான்82 | அடுத்த வெள்ளி, மதியம் 1.25
சரியாயிருச்சு. வளைகாப்புப் படமும் அதுலயே எடுத்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

நாலாம்தெரு | 1.27
செல் மாத்துனதாலதானே?

பழையரீல் | 1.31
மணல் கொட்டுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

நாலாம்தெரு | ஞாயிறு, காலை 10.05
சார்?