‘உள் குடலிறக்கம்’ சொல்லுக்கு மாற்று: குடல் இடுக்குநுழைவு

அனைவருக்கும் வணக்கம்.

எடைக்குறைப்பு அறுவை பற்றிய கையேட்டுக்காக அக்கா அனுப்பிய சொற்பட்டியலைப் படித்தேன். குடல் அடைப்பு, குடல் முறுக்கம், குடற்செருகல் எல்லாம் புழங்கிப் பழகிய சொற்கள், அப்படியே இருக்கட்டும். இன்டர்னல் ஹெர்னியாவுக்கு ‘உள் குடலிறக்கம்’ என்று போட்டிருப்பதை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும்.

குடலிறக்கம் என்றதும் நம்மவர்கள் நினைப்பது கவட்டையிலோ தொப்புளிலோ தெரியும் புடைப்பைத்தான். இருமினால் தள்ளும், படுத்தால் அமுங்கும். இதில் வெளியே ஒன்றுமே தெரியாது. ரூ-என்-வை பைபாஸ் என்ற எடைக்குறைப்பு அறுவையில் சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து இரைப்பையோடு இணைக்கும்போது, குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகின்றன. எடை குறையக் குறைய அந்தச் சவ்வின் கொழுப்பும் கரைந்து, இடைவெளி அகலும். குடல் வளையம் ஒன்று அதில் நழுவி மாட்டிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகும். சாப்பிட்டபின் விட்டுவிட்டு வரும் வலியைத் தவிர வேறு அறிகுறி இல்லாமலும் போகலாம். சிடி ஸ்கேனிலும் சில சமயம் பிடிபடாது; சந்தேகம் வலுத்தால் லேப்பராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். பிறகு குடலை விடுவித்து, இடைவெளியைத் தைத்து மூடுவார்கள். முதல் அறுவையிலேயே மூடிவிட்டால் பின்னால் அடைப்புக்காக மறுபடி அறுக்கும் தேவை குறைகிறது என்று 2016இல் ‘லான்செட்’ இதழில் வந்த சுவீடன் ஆய்வு காட்டியது. ஆனால் மூடும்போது குடல் இணைப்பு மடங்கி, தொடக்கத்திலேயே அடைப்பு வரும் ஆபத்து கொஞ்சம் கூடியதாகவும் அதே ஆய்வு சொன்னது.

சிங்கப்பூரில் இந்தக் கையேட்டைத் தமிழில் எடுத்துப் படிப்பவர்கள் யார்? பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாக வலியோடு இருக்கும் அம்மா அப்பாக்கள். ‘புடைப்பு ஒன்றும் இல்லையே, நாளைக்குப் பலதுறை மருந்தகம் போய்க்கொள்ளலாம்’ என்று அவர்கள் பொறுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டிய வலியாகவும் அது இருக்கலாம்.

இதற்கு மாற்றாக ஐயா சொன்ன ‘குடல் உட்சிக்கல்’ காதுக்கு இனிமைதான், ஆனால் மலச்சிக்கலை நினைவூட்டும். வெறும் ‘குடல் நுழைவு’ என்றால் குடற்செருகலோடு குழம்பும். அங்கே குடல் தனக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. எனவே ‘குடல் இடுக்குநுழைவு’. இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றால் யாருக்கும் புரியும். மேலே கொண்டுவந்த குடலுக்குப் பின்னால் உண்டாகும் பீட்டர்சன் இடைவெளியையும் ‘பீட்டர்சன் இடுக்கு’ என்றே எழுதலாம். சொல்லுக்குக் கீழே ‘வெளியே புடைப்பு தெரியாது’ என்று ஒரு வரியும் தடித்த எழுத்தில் வர வேண்டும்.

அப்புறம், பாடி கான்டூரிங், அதாவது எடை குறைந்தபின் தொங்கும் தோலைச் சரிசெய்யும் அறுவைகள். ‘உடல் அழகூட்டல்’ வேண்டாம். தொங்கும் மடிப்புக்கு அடியில் வியர்வை தேங்கிப் புண்ணாகி அவதிப்படுபவரிடம் போய் அழகு என்று பேசுவது சரியில்லை. ‘உடல் சீரமைப்பு’ போதும். அதற்குள் வரும் ‘தொங்குதசை நீக்கம்’ என்பதும் பிழை. அதில் தோலும் கொழுப்பும்தான் வெட்டப்படுகின்றன, தசை வெட்டப்படுவதில்லை. ‘தொங்குதோல் நீக்கம்’ என்று வைப்போம். தளர்ந்த வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்து, தொப்புளையும் இடம் பார்த்து அமைக்கும் அறுவைக்கு ‘வயிற்றுச்சுவர் சீரமைப்பு’ பொருந்தும்.

இடுக்குநுழைவை விடச் சின்னதாக ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ‘இறக்கம்’ மட்டும் அதில் வேண்டாம்.