புதுப்பிப்பு: கரிசல் மண்ணில் வெடித்த முன்வாசல் கான்கிரீட் தளம்
கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்வாசல் தளம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேலெழும்பி வெடிப்பது குறித்துச் சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வெடிப்பைப் பூசி மூடாமல், ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் கரிசல் மண்ணையே மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. பழைய தளத்தை உடைத்து, இரண்டரை அடி ஆழத்துக்குக் கரிசலை அள்ளிவிட்டு, கிராவல் மண்ணை 6 அங்குல அடுக்குகளாகக் கொட்டி, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இறுக்கிய பிறகே, சுவரிலிருந்து தெருப்பக்கமாக 10 அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு வைத்துக் கான்கிரீட் போட்டோம்.

எதிர்பாராதது ஒன்று: மொட்டைமாடி மழைநீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்து, தளத்தின் அடியிலேயே நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது, கொத்தனார் உட்பட யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. புதுக் குழாய் பதித்து, நீரைத் தெருவோர வாய்க்காலுக்குத் திருப்பினோம். வடகிழக்குப் பருவமழையும் கோடையும் கடந்த பின், மயிரிழை வெடிப்பு ஒரு மூலையில் மட்டுமே இருக்கிறது.