மொறிஸ் மைனரா, ஏ40யா? அவசர உதவி தேவை

கொக்குவிலான்:
இரண்டு பழைய கார்கள் பார்த்திருக்கிறேன். ஒன்று மொறிஸ் மைனர், மற்றது ஒஸ்ரின் ஏ40. விலை ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் ஓட வேண்டும். எது நன்றாக இழுக்கும், எது கையைக் கடிக்காது? ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் கொடுக்க வேண்டும், உடனே சொல்லுங்கள்.

தென்மராட்சி:
எந்த ஆண்டு? எத்தனை கதவு? தினமும் எவ்வளவு தூரம்?

பட்டறைவாசி:
தம்பி, ‘ஏ40’ என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? டெவன், சொமர்செட், கேம்பிரிட்ஜ், ஃபரினா எல்லாமே ஏ40தான். மைனரும் அப்படித்தான். 1948இல் 918 சிசி, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098. மாதத்துக்கு ஒருவர் இப்படி அரைகுறையாகக் கேட்கிறீர்கள். முதலில் பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

கொக்குவிலான்:
மன்னிக்கவும் ஐயா. மைனருக்கு இரண்டு கதவு, முன்கண்ணாடி பிளவில்லாமல் ஒரே துண்டு. ஏ40 உருண்டையான உடம்பு, நான்கு கதவு, கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது, 1953. கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கிளினிக்குக்கும் கூட்டிப்போக வேண்டும்.

தென்மராட்சி:
அப்படியென்றால் நீங்கள் பார்த்தவை மைனர் 1000உம் ஏ40 சொமர்செட்டும். மைனரின் எஞ்சின் இலக்கம் 10எம்ஏ என்று தொடங்கினால் 1098 சிசி, 48 குதிரைவலு. கிளிநொச்சிக்குப் போகும் ஏ9 வீதியில் சொமர்செட் அதை எட்டிப்பிடிக்காது. சொமர்செட்டுக்கு 1200 சிசி இருந்தாலும் தனிச் சட்டகத்தின் மேல் ஏற்றிய பாரமான உடம்பு. திருப்பங்களில் மைனரின் ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும். ஆனால் அம்மா முன்னிருக்கையை மடித்துப் பின்னால் ஏற வேண்டியிருந்தால் பாவம்.

நீர்வேலியார்:
தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சுமந்தது ஏ40தான். கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் போதும். என் ஓட்டு சொமர்செட்டுக்கு.

தென்மராட்சி:
மைனரும்தான் மண்ணெண்ணெயில் ஓடியது ஐயா. சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அமுக்க விகிதம் சொமர்செட்டுக்கு 7.2 என்பதால் எஞ்சின் தட்டல் குறைவு, அவ்வளவுதான். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து எத்தனை பேரிங்குகளைத் தின்றது என்பதையும் சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
கேட்டது மண்ணெண்ணெய் பற்றியல்ல. தம்பி, மைனரின் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் ட்ரனியனின் மரை தேய்ந்திருந்தால், ஒருநாள் சக்கரம் மடிந்து வண்டிக்கடியில் போய்விடும். பிறகு சாரதியின் காலடிக் கம்பளத்தைத் தூக்கி, கீழே இருக்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்கள். அது அங்கே ஒளிந்திருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

வண்டலூர் வாசகர்:
எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலும் ட்ரனியன் உண்டு. கிரீஸ் போடவே கூடாது, 90 எண் கியர் ஆயில்தான். கிரீஸ் போட்டே பலர் உடைத்திருக்கிறார்கள்.

பட்டறைவாசி:
அது ஹெரால்டு. மைனருக்குக் கிறீஸ்தான், ஆயிரம் மைலுக்கு ஒருமுறை. தெரியாத வண்டிக்கு வைத்தியம் சொல்லாதீர்கள்.

வண்டலூர் வாசகர்:
மரை மரைதானே? ஆயில் உள்ளே இறங்கும், கிரீஸ் காய்ந்து அடைத்துக்கொள்ளும். முப்பது வருடம் ஹெரால்டு ஓட்டியவன் நான்.

பட்டறைவாசி:
முப்பது வருடம் ஹெரால்டு ஓட்டினால் ஹெரால்டைத்தான் தெரியும். மைனரின் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

தென்மராட்சி:
கொக்குவிலான், பார்த்தீர்களா? என்ன முடிவு?

கொக்குவிலான்:
மைனரின் இடது சக்கரம் கையில் ஆடியது. எஞ்சின் 10எம்ஏதான், ஓட்டிப் பார்த்தபோது மனம் அதிலேயே நின்றது. அம்மா சொமர்செட்டின் பின்கதவைத் திறந்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். சொமர்செட்டுக்கே முற்பணம் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.