ஈசிஏ முடித்ததும் நேராக டிகிரியா, முதலில் ஆம்புலன்ஸ் வேலையா?

பீனிக்ஸ்_பையன்:
வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், இந்த வருடக் கடைசியில் ஈசிஏ, அதாவது ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பதற்கான எமர்ஜென்சி கேர் அசிஸ்டன்ட் படிப்பை முடிக்கிறேன், அப்புறம் மருத்துவத் தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்யும் எச்பிசிஎஸ்ஏ கவுன்சிலில் பதிவு. டியுடியில் (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) நாலு வருட எமர்ஜென்சி மெடிக்கல் கேர் டிகிரிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எங்களுக்குப் பாடம் எடுப்பவர், ஒரு வருடமாவது ஆம்புலன்ஸில் ஓடிவிட்டு மேலே படி, இல்லாவிட்டால் புத்தகம் மட்டும் தெரிந்த பாராமெடிக் (மேல்படிப்பு படித்த அவசர சிகிச்சைக்காரர்) ஆகிவிடுவாய் என்கிறார். அப்பாவோ, இடம் கிடைத்தால் விடாதே, கையில் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டால் திரும்பப் படிக்கப் போக மனசு வராது என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் எழுதுவதைப் பார்த்தால், முதலில் இஎம்டியாக (அங்கே ஆம்புலன்ஸில் ஆரம்பநிலை வேலைக்காரர்) வேலை பார் என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள். இங்கே களத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் என்ன சொல்கிறீர்கள்?

மெடிக்_அக்கா:
தம்பி, அமெரிக்கக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்காதே. அங்கே இஎம்டி படிப்பு சில மாதங்களில் முடிந்துவிடும், அதை வைத்துத்தான் பாராமெடிக் படிப்புக்குள்ளேயே போக முடியும், அதனால் நடுவில் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு வா என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் ஈசிஏ ஒரு வருடம், பாராமெடிக் டிப்ளமா இரண்டு வருடம், டிகிரி நாலு வருடம். டிகிரிக்கு மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) முடித்த பிள்ளைகளையே நேராக எடுக்கிறார்கள், ஏனென்றால் அந்த நாலு வருடத்துக்குள்ளேயே ஆம்புலன்ஸ், கேஷுவல்டி, ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டு என்று எல்லா இடத்திலும் ஷிஃப்ட் போட்டாக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் போடுவது, மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பது எல்லாம் டிகிரிக்காரரின் வேலை. ஈசிஏவாக எத்தனை வருடம் ஓடினாலும் அதைக் கையில் தர மாட்டார்கள். வகுப்பில் இடங்களும் கொஞ்சம்தான். கடிதம் வந்தால் யோசிக்காமல் போய்ச் சேர்.

ராத்திரி_ஷிஃப்ட்:
அக்கா சொல்வது டிகிரிக்குச் சரி. ஆனால் அனுபவம் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். போன புரட்டாசியில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். வீட்டில் எல்லோரும் ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக் என்று கத்துகிறார்கள், பாட்டிக்கு வாய் குழறுகிறது, ரவிக்கை வியர்வையில் ஒட்டிக்கிடக்கிறது. என் பார்ட்னர் மருமகளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரலைக் குத்தி எச்ஜிடி, அதாவது ரத்தச் சர்க்கரை பார்த்தார், 2.1 மில்லிமோல், ரொம்பக் குறைவு. இன்சுலின் போட்டுக்கொண்டு விரதமாம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. விழுங்க முடிந்ததால் குளுக்கோஸ் ஜெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம், சற்று நேரத்தில் பாட்டி என்னைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். விழுங்க முடியாமல் போயிருந்தால் நம்மால் ஊசி போட முடியாது, பெரிய படிப்புக்காரர் வரும் வரை காற்றுப்பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சர்க்கரை குறைந்தால் ஸ்ட்ரோக் மாதிரி தெரியும் என்று வகுப்பில் எல்லோரும்தான் படிக்கிறோம். அந்தக் கூச்சலுக்கு நடுவே அது ஞாபகத்துக்கு வர வேண்டுமே, அது ஓடி ஓடித்தான் வரும்.

ஆனால் எந்த வேலை என்று பார்த்துக்கொள். சில தனியார் கம்பெனிகளில் நாள் முழுக்க ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியைக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. ஆளைத் தூக்குவதும் நோயாளியின் விவரம் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்டோவர் கொடுப்பதும் அதில் பழகும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நீ தேடுகிற அனுபவம் அது இல்லை. நேர்முகத்திலேயே கேட்டுவிடு, வீட்டுக்கும் ரோட்டுக்கும் போகிற அழைப்புகள் வருமா, யாரோடு உட்கார வைப்பீர்கள் என்று. பேசிக்கொண்டே வேலை செய்து சொல்லிக்கொடுக்கிற ஒரு சீனியரோடு ஆறு மாதம் ஓடினால், தூங்குகிற பார்ட்னரோடு மூன்று வருடம் ஓடுவதைவிட மேல்.

கேட்டோ_மேனர்:
வேலை கிடைத்தால்தானே இந்தக் கேள்வியே? ஈசிஏ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே பலர். அரசாங்க இடங்கள் அபூர்வமாகத்தான் திறக்கும். அதனால் கனரக வண்டிக்கான சி1 லைசென்ஸையும், தொழில்முறையில் ஓட்டுவதற்கான பிஆர்டிபி அனுமதியையும் இப்போதே எடுத்து வை, ஓட்டத் தெரிந்தவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் தொண்டராகச் சேர்ந்தால் பந்தயம், கோயில் திருவிழா என்று நிகழ்ச்சிகளில் நிற்கலாம். கொம்ரேட்ஸ் மாதிரி கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடுகிற பந்தயத்தில் நீர் வற்றியவர்களையும் சுருண்டு விழுபவர்களையும் ஒரே நாளில் வரிசையாகப் பார்க்கலாம்.

இன்னொன்று, உன் ஜூலு எப்படி? எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இவ்வளவாவது தடுமாறாமல் கேட்க வர வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நோயாளிகளில் பெரும்பாலோர் பேசுவது அதுதான். பக்கத்து வீட்டுக்காரரை மொழிபெயர்க்க வைத்துச் சமாளிக்கிறவர்கள் பாதி விவரத்தை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்காது.

பீனிக்ஸ்_பையன்:
ரொம்ப நன்றி. கடிதம் வந்தால் டிகிரி, வராவிட்டால் சி1 எடுத்துக்கொண்டு வேலை தேடிக்கொண்டே டிப்ளமாவுக்கும் போடுகிறேன். அப்பாவிடம் இதைக் காட்டினேன், அக்கா பேச்சை மட்டும் இரண்டு தடவை படித்தார். ஜூலு கடையில் பேசுகிற அளவுக்குத்தான் வரும், உட்கார்ந்து பழக வேண்டும்.

மெடிக்_அக்கா:
நல்லது தம்பி. நீச்சல் தெரியுமா என்று கேட்க மறந்துவிட்டேன். டிகிரியில் மீட்புப் பாடம் உண்டு, தண்ணீரிலும் இறக்குவார்கள், கயிற்றில் உயரத்திலிருந்தும் இறக்குவார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பட்ட பாட்டை நீயும்தானே பார்த்தாய், அது வெறும் மார்க்குக்கான பாடம் இல்லை. தெரியாவிட்டால் இந்த வாரமே ஒரு நீச்சல் குளத்தில் பழகச் சேர்ந்துவிடு.