பெயரின் பொருள் தளத்துக்குத் தளம் மாறுகிறதே, எதை வைத்துச் சரிபார்ப்பது?

பெயர்த்தேடி (கேள்வி):
பல மொழிப் பெயர்களுக்குப் பொருள் எழுதி ஒரு பட்டியல் தொகுக்கிறேன். மூன்று பெயர்களில் சிக்கிக்கொண்டேன்.

வனெஸா: கிரேக்கத்தில் 'வண்ணத்துப்பூச்சி' என்று பல தளங்களில் இருக்கிறது. ஆனால் பழங்கிரேக்க அகராதியில் அப்படி ஒரு சொல்லே கிடைக்கவில்லை. மாயா: சமஸ்கிருதம், கிரேக்கம், எபிரேயம் என மூன்று மொழிகளையும் காட்டுகிறார்கள். நவோமி: எபிரேயம் என்கிறது ஒரு தளம், ஜப்பானியம் என்கிறது இன்னொன்று. ஒரு பெயரை எந்த வரிசையில் சோதித்தால் இந்தக் குழப்பம் தீரும்?

வேர்ச்சொல்:
பொருளை முதலில் தேடாதீர்கள். அந்தப் பெயர் எந்த ஆண்டில், எந்த மொழி எழுத்தில் முதன்முதலாகப் பதிவானது என்று பாருங்கள். பாதிப் பொய்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

வனெஸாவை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரை உண்டாக்கியவர் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட். எஸ்தர் வானம்ரி என்ற பெண்ணின் குடும்பப் பெயரிலிருந்து 'வான்', எஸ்தரிலிருந்து 'எஸ்ஸா', இரண்டையும் ஒட்டி ஒரு கவிதையில் வைத்தார். கவிதை 1726-இல் அச்சானது. பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்கு வனெஸா என்று பெயரிட்டது 1807-இல்தான். ஆக, பெண்ணின் பெயர் முந்தியது, பூச்சியின் பெயர் பிந்தியது. தளங்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. உங்கள் பட்டியலில் 'புனைந்த பெயர், 18-ஆம் நூற்றாண்டு' என்று எழுதுங்கள். அகராதிப் பொருள் என்று அதற்கு ஒன்று இல்லை.

மாயாவும் நவோமியும் வேறு வகை. ஒலி ஒன்று, பிறப்பு வேறு வேறு. சமஸ்கிருத மாயா, கிரேக்கப் புராணத்தில் ஹெர்மீஸின் தாயான மையா, எபிரேயத்தில் தண்ணீரைக் குறிக்கும் 'மயிம்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் மாயா: இந்த மூன்றுக்கும் உறவு கிடையாது. நவோமி எபிரேயத்தில் 'இனிமை'. ஜப்பானில் அது தனியாகப் பிறந்த பெயர். இப்படிப்பட்ட பெயர்களுக்கு ஒரே பதிவில் மூன்று பொருளைக் கலந்து எழுதுவதுதான் பெரிய தவறு. மொழிக்கு ஒரு பதிவாகப் பிரித்துவிடுங்கள்.

இருகூறு:
மேலே சொன்னதோடு இன்னொன்று. பழைய ஜெர்மானியப் பெயர்கள் (ஜெர்மன், ஆங்கிலம் போன்ற மொழிகளின் குடும்பம்) இரண்டு கூறுகளை ஒட்டியவை. ராபர்ட் என்பது 'புகழ்' + 'ஒளி'. இதை 'புகழால் ஒளிர்பவன்' என்று தளங்கள் வாக்கியமாக்கிவிடும். அப்படி ஒரு தொடர்ப்பொருள் எப்போதும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஃபிரெடெகுண்ட் என்ற அரசியின் பெயரில் 'அமைதி', 'போர்' இரண்டும் அருகருகே நிற்கின்றன! பெற்றோர் பெயரிலிருந்து ஆளுக்கொரு கூறு எடுத்துப் பிள்ளைக்கு வைப்பதும் உண்டு. இங்கிலாந்தின் வூஸ்டர் நகர ஆயர் வுல்ஃப்ஸ்டானின் தந்தை ஏதெல்ஸ்டான், தாய் வுல்ஃப்கிஃபு. தாயிடமிருந்து 'ஓநாய்', தந்தையிடமிருந்து 'கல்'. 'ஓநாய்க் கல்' என்று பொருள் எழுதினால் பெயர் வைத்த முறையே மறைந்துபோகும். கூறுகளைத் தனித்தனியாகக் கொடுப்பதுதான் நேர்மை.

எழுத்தடி:
ஜப்பானியப் பெயருக்கு ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்லவே முடியாது. யோகோ என்ற பெயரை 'பெருங்கடல் + குழந்தை' என்ற எழுத்துகளாலும் எழுதலாம், 'கதிரவன்' எழுத்தாலும் எழுதலாம், வேறு எழுத்துகளாலும் எழுதலாம். பெயருக்கு அனுமதிக்கப்பட்ட சீன எழுத்துகள் 2,999 (பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136, பெயர்களுக்கென்று கூடுதலாக 863). அதே எழுத்துகளைப் பல விதமாக வாசிக்கவும் முடியும். குடும்பப் பதிவேட்டில் பெயரின் வாசிப்பையும் சேர்க்கும் விதி 2025 மே 26-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே உங்கள் அட்டவணையில் ஒலி, எழுத்து, பொருள் என்று மூன்று பத்திகள் வேண்டும். எழுத்து தெரியாவிட்டால் பொருள் பத்தியைக் காலியாக விடுங்கள். சீனப் பெயர்களுக்கும் இதேதான்.

பெயர்த்தேடி:
மிக்க நன்றி, வனெஸாவை மாற்றிவிட்டேன். அடுத்து அரபுப் பெயர்களும் ஆப்பிரிக்கப் பெயர்களும். 'அப்துல் = அடியான்' என்று போட்டால் போதுமா? ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் பெயரில் எது இயற்பெயர், எது குடும்பப் பெயர்?

வேர்ச்சொல்:
போதாது. 'அப்து' என்றால் அடியான், 'உல்' என்பது அடுத்த சொல்லோடு சேர வேண்டிய சுட்டு (ஆங்கில 'the' போல). அப்துல் என்று நிறுத்தினால் 'இன்னாருடைய அடியான்' என்பதில் இன்னார் யார் என்பதே விட்டுப்போகிறது. அப்துல் ரஹ்மான் முழுவதும் ஒரே பெயர்: அளவற்ற அருளாளனின் அடியான். ஒரே பதிவாக வையுங்கள்.

நீண்ட அரபுப் பெயரைக் கூறு பிரித்துப் படிக்க வேண்டும். இடைக்கால மருத்துவ அறிஞர் இப்னு சினாவின் பெயரில் 'அபூ அலீ' (அலீயின் தந்தை) என்பது சிறப்புப் பெயர், 'ஹுசைன்' இயற்பெயர், 'இப்னு அப்துல்லாஹ்' தந்தை வழி. நாம் சொல்லும் 'இப்னு சினா' அந்த வம்ச வரிசையின் கடைசிக் கண்ணி. அவருடைய இயற்பெயர் அதில் இல்லவே இல்லை. கணித அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயர் 'குவாரிஸம் பகுதிக்காரர்' என்பதுதான். அல்காரிதம் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான்.

கோஃபி என்பது கானாவின் அகான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த ஆணின் பெயர். அவர் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமையேதான். நடுப்பெயர் 'அட்டா' இரட்டையரில் ஒருவர் என்பதையும், குடும்பப் பெயர் 'அன்னான்' நான்காம் பிள்ளை என்பதையும் குறிக்கும். உடன்பிறந்த இரட்டைச் சகோதரியின் பெயர் எஃபுவா, அதுவும் வெள்ளிக்கிழமைப் பெயர். இங்கே 'பொருள்' என்பதை விட 'எதைக் குறிக்கிறது' என்று தலைப்பிடுவது பொருத்தம்.

இருகூறு:
ஐ.நா. பொதுச்செயலாளர்கள் வரிசையில் ஊ தாண்ட்டையும் கவனியுங்கள். பர்மியத்தில் 'ஊ' மரியாதை அடைமொழி. அவர் பெயர் தாண்ட் மட்டும்தான், குடும்பப் பெயர் கிடையாது. 'ஊ' என்ற எழுத்தின் கீழ் வரிசைப்படுத்திவிடாதீர்கள்.

குடும்பப் பெயரை வைத்து வம்சம் ஊகிப்பதிலும் எச்சரிக்கை தேவை. பிலிப்பைன்ஸில் ஆளுநர் கிளாவேரியா 1849-இல் ஆணை போட்டு, ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து குடும்பங்களுக்குக் குடும்பப் பெயர் கொடுக்கச் செய்தார். ஆகவே அங்கே ஸ்பானியப் பெயர் இருப்பது ஸ்பானிய முன்னோருக்குச் சான்று ஆகாது. துருக்கியிலும் 1934 சட்டத்துக்குப் பிறகு பலர் தாங்களே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டு நாட்டுப் பெயர்களுக்கும் பொருளோடு 'சூட்டப்பட்ட ஆண்டு' என்று ஒரு பத்தி சேருங்கள்.